கண்ணாடிக்குள் நிற்பது நிஜ விலங்கா?

கேள்வி: அருங்காட்சியகத்தில் பாடம் செய்து நிறுத்தியிருக்கும் விலங்குகளைப் பார்த்துவிட்டு, “இதைக் கொன்னுட்டாங்களாம்மா?” என்று என் மகள் கேட்டாள். என்ன சொல்வது? இப்படி வைப்பது சரிதானா? - வாசகி, ஈரோடு

பதில்: உண்மையையே சொல்லுங்கள். பழைய அருங்காட்சியகங்களில் நிற்கும் பெரிய விலங்குகள் பல சுடப்பட்டவைதான். தோலும் ரோமமும் நிஜம், கண் கண்ணாடி, உள்ளே உடல் கிடையாது. ஒரு காலத்தில் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துவிடுவார்கள், பொம்மை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான கார்ல் ஏக்லி. விலங்கை அளந்து, தசை மடிப்பு வரைக்கும் களிமண்ணில் வடித்து, அதிலிருந்து அச்செடுத்து, லேசான கூடு ஒன்று செய்து அதன்மேல் தோலைப் போர்த்தினார். சிற்பியின் வேலை அது.

அதே ஏக்லிதான் 1921-இல் அப்போது பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் மலைகளில், நியூயார்க் அருங்காட்சியகத்துக்காகக் கொரில்லாக்களைச் சுட்டார். கொலைகாரன் என்ற உணர்வு வராமல் தடுக்கத் தன் அறிவியல் ஆர்வம் முழுவதும் தேவைப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் கொரில்லாக்களைக் காக்கச் சொல்லி பெல்ஜிய அரசரிடம் வலியுறுத்தினார், 1925-இல் அங்கே தேசியப் பூங்கா வந்தது. அதற்காக அந்தச் சாவுகள் நியாயமாகிவிடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் இருப்பதைத் தூக்கி எறிந்தால் அந்த உயிர் இரண்டாம் முறை வீணாகும். வைத்திருக்கட்டும், எங்கே, யார், எதற்காகக் கொன்றார்கள் என்று பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். வெறும் பெயர்ப்பலகை போதாது.

கொல்லாமலும் செய்யலாம். ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுகளில், பின்டா தீவு ஆமை இனத்தில் கடைசியாக மிஞ்சிய லோன்சம் ஜார்ஜ் 2012-இல் தானாக இறந்தது. அதை உறையவைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பாடம் செய்தார்கள், முன்காலில் ஒரு நகம் இல்லாததைக்கூட அப்படியே விட்டார்கள். எங்கே வைப்பது என்று தலைநகர் கீட்டோவுக்கும் கலாபகஸ்காரர்களுக்கும் இழுபறி நடந்து, 2017-இல் ஒருவழியாகக் கலாபகஸுக்கே திரும்பியது. அதுதான் சரி.

கேள்வி: குழந்தைகளைத் தொட்டுப் பார்க்க விடலாமா? - அதே வாசகி

பதில்: வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தோலில் பூசுவது நெடுங்கால வழக்கம், அந்த நஞ்சு பழைய தோல்களில் இன்னும் இருக்கலாம். தெரியாமல் தொட்டுவிட்டால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதில் பயமில்லை.