நேர்காணல் அறையில் வார்டு நர்ஸுக்கு என்ன வேலை?

கேள்வி: மருத்துவமனைக்கு நர்ஸ்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில், வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்களையும் உட்கார வைத்தால் பயன் உண்டா? வந்தவர்கள் நிலைப்பார்களா?

தேர்ந்தெடுப்பதற்குப் பயன் உண்டு. நிலைப்பது வேறு கதை.

தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி ஐந்து ஆண்டுகள் ஐ.சி.யூ. இன்சார்ஜ். புதிதாக யார் வருகிறார்கள் என்பது, அந்தப் பெண் யூனிஃபார்மோடு வாசலில் வந்து நிற்கும்போதுதான் எங்களுக்குத் தெரியும். நேர்காணலை எச்.ஆர். அதிகாரியும் நர்சிங் சூப்பரின்டென்டென்டும் முடித்துவிடுவார்கள். ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அங்கே பேச்சே எழாது. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது மட்டும் தவறாமல் நடக்கும்.

ஆள் கிடைக்காத ஒரு சமயத்தில் என்னையும் இன்னொரு சீனியர் சிஸ்டரையும் கூப்பிட்டார்கள். அவர் பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. “இரவு இரண்டு மணி. ஒருவருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் இறங்குகிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் டிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு எழுந்திருக்கிறார். வார்டில் நீ மட்டும்தான். என்னம்மா செய்வாய்?” அதுவரை கடகடவென்று பதில் சொன்ன பெண் வாயடைத்துப்போனாள். அடுத்து வந்தவள், “ஆக்ஸிஜன் பக்கம் ஓடுவேன் சிஸ்டர். ஓடும்போதே அந்த ஆளோடு வந்தவரைச் சத்தம் போட்டு எழுப்புவேன்” என்றாள். வார்டில் இரவு கழித்தவருக்குத்தான் இந்த யோசனை வரும். அவளையே எடுத்தோம்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுப்படி ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். “இங்கே சில நாள் மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருக்கும்” என்று சீனியர் சிஸ்டர் எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு பேர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எச்.ஆர். அதிகாரிக்கு முகம் சிவந்தது. எனக்கென்னவோ, பத்தே நாளில் ஓடப்போகிறவர்கள் அன்றைக்கே போனது லாபம்தான்.

அமெரிக்காவில் கடும் நர்ஸ் பற்றாக்குறை இருந்த காலத்திலும் சில மருத்துவமனைகளை விட்டு நர்ஸ்கள் நகரவில்லை. 1983இல் அங்குள்ள நர்சிங் அகாடமி அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து, ‘காந்த மருத்துவமனைகள்’ என்று பெயர் வைத்தது. அங்கெல்லாம் தங்கள் வேலை பற்றிய முடிவுகளில் நர்ஸ்களின் சொல் எடுபட்டது.

எங்களிடம் அந்தச் சொல் நேர்காணல் அறையோடு நின்றுவிட்டது. டியூட்டி சார்ட்டை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டோம். பிள்ளையின் பரீட்சை, ஊர்த் திருவிழா, தொடர்ந்து எத்தனை நைட் ஒருவருக்குத் தாங்கும் என்பதெல்லாம் எங்களுக்குத்தானே தெரியும்? மூன்று மாதம் விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இரவில் ஆளை எழுப்புவேன் என்றவள் ஒன்றரை வருடத்தில் சவூதிக்குப் போய்விட்டாள். சம்பளமும் ஒரு காரணம். ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது. எங்களுக்கு அது காகிதத்தோடு சரி.

நிர்வாகத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நேர்காணலுக்குக் கூப்பிடும் நர்ஸுக்கு அன்று வார்டு வேலையைக் குறைத்துவிடுங்கள். அன்று நான் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது, என் நோயாளிகளின் சார்ட் அத்தனையும் எழுதாமல் எனக்காகக் காத்திருந்தது.