ஏவுகணை படவில்லையா? பிரேக்கைப் பிடியுங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறேன், வயது 66. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் பிளேஸ்டேஷன் 4-ஐயும் ‘ஏஸ் காம்பாட் 7’ விளையாட்டையும் இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். “ஐயா, தீபாவளிக்கு வருவேன், அதுக்குள்ள கத்துக்குங்க” என்று உத்தரவு வேறு. எதிரி விமானத்தைத் துரத்தினால் தாண்டிப் போய்விடுகிறேன். ஏவுகணை விட்டால் படுவதே இல்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் தரையில் மோதுகிறேன். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், இருக்கும் பெரிய டிவியில்தான் ஆடுகிறேன். டிவி மெதுவா, என் கை மெதுவா?

பதில்: முதலில் டிவியைச் சந்தேகிப்போம், ஐயா. சரிசெய்ய அதுதான் சுலபம். இன்றைய டிவிகள் படத்தை அழகாக்கிய பிறகே திரைக்கு அனுப்புகின்றன. சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. விளையாட்டில் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் நடுவே அது உட்கார்ந்துகொள்ளும். டிவியின் படம் தொடர்பான அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருக்கும், அதைப் போடுங்கள். பிறகு வெறும் வானத்தில் எக்ஸ் பொத்தானைத் தட்டித் தட்டி இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டுப் பாருங்கள். கேம் மோடை அணைத்துவிட்டு இன்னொரு முறை சுடுங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரிந்தால் குற்றவாளி டிவிதான்.

அப்புறம், வளவில் பகலில் ஆடாதீர்கள். மேலே திறந்த வானத்திலிருந்து வரும் வெளிச்சம் திரையில் அடிக்கும். எதிரியோ வெளிர்நீலத்தில் ஒரு கரும்புள்ளி. நல்ல கண்ணுக்கே தெரியாது. டிவியை உள்ளறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு ஆடுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் டிவியும் கையும் பெரிய காரணம் இல்லை. ஆர்2-வை, அதாவது வேகத்தைக் கூட்டும் பொத்தானை, விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். ஜெட் என்றாலே வேகம் என்று மனதில் பதிந்துவிட்டது. சண்டையில் ஜெயிப்பது வேகமாகப் போகிறவன் இல்லை, சின்ன வட்டத்தில் திரும்புகிறவன். உண்மையான விமானத்தில், உடலை அழுத்தும் ஜி-விசை ஒரே அளவில் இருக்கும்போது, வேகம் இரண்டு மடங்கானால் திரும்பும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். இந்த விளையாட்டு பாதிக்குப் பாதி கற்பனைதான், ஒரே விமானத்தில் டஜன்கணக்கில் ஏவுகணை தருகிறது. ஆனாலும் இந்த விதியை மட்டும் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்திருப்பீர்கள். காளைக்கு எதிரே ஓடுகிறவனுக்குக் குத்துதான் மிச்சம். கூடவே ஓடுகிறவனை அது விட்டுவிட்டுப் போய்விடும். பிடிக்கிறவன் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, அது திரும்பும் கணத்தில் திமிலில் விழுகிறான். இங்கேயும் அப்படித்தான். எதிரி இடப்பக்கம் வளைகிறானா? ஆர்2-விலிருந்து விரலை எடுங்கள், எல்2-வை, அதாவது வேகத்தைக் குறைக்கும் பிரேக் பொத்தானை, அழுத்துங்கள். இடது ஸ்டிக்கால் விமானத்தை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்து, ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுங்கள். மூக்கு சரசரவென்று உள்ளே வளையும். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் திரும்பும்போதே ஆர்2, எல்2 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வேகம் சட்டென்று இறங்கும், அதனால் நேரானதும் எல்2-வை விட்டுவிட்டு மறுபடி வேகம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விமானம் தொங்கிப்போய் மூக்கைக் கீழே போடும். அப்படி ஆனால் பதற்றப்பட்டு மேலே இழுக்காதீர்கள். மூக்கு கீழேயே இருக்கட்டும், வேகம் வந்ததும் தூக்குங்கள்.

இந்தச் சாய்த்து இழுக்கிற வேலைக்கு, அமைப்பில் கட்டுப்பாட்டு முறையை ‘எக்ஸ்பர்ட்’ என்று மாற்ற வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுலபமான முறையில் விமானம் கார் மாதிரி தானாகவே திரும்பிக் கொடுக்கும், முழுதாகப் புரளாது. முதல் நாள் சுகமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். ஒரு மாலைப்பொழுது தடுமாறினாலும் பரவாயில்லை, எக்ஸ்பர்டிலேயே பழகுங்கள். எது வானம், எது தரை என்று குழம்பிப்போனால் எல்1, ஆர்1 இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், விமானம் தானாக மட்டத்துக்கு வரும். தரையில் மோதும் உங்கள் பிரச்சினைக்குப் பாதி மருந்து இது. ஆனால் தரைக்கு மிக அருகில் வந்த பிறகு இதை நம்ப வேண்டாம்.

இப்போது ஏவுகணை. குறி சிவப்பானதும் உடனே வட்டப் பொத்தானை அழுத்துகிறீர்கள், இல்லையா? பொறுங்கள். சிவப்பு என்றால் விடலாம் என்று மட்டும்தான் அர்த்தம், படும் என்று இல்லை. எதிரி உங்களுக்குக் குறுக்கே போனால் ஏவுகணையால் அவ்வளவு வளைய முடியாது. அவன் வால் உங்களுக்கு நேராகத் தெரியட்டும், குறிக்குப் பக்கத்தில் இருக்கும் தூர எண் சிவப்பானபோது இருந்ததில் பாதியாகட்டும். பிறகு விடுங்கள். சாதாரண ஏவுகணை இரண்டு விட்டால் மறுபடி தயாராகச் சில நொடி ஆகும், அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் வீணடிக்காதீர்கள். மேகத்துக்குள் புகுந்தவனையும் துரத்தாதீர்கள். உள்ளே லாக், அதாவது எதிரி மேல் பதிந்த சிவப்புக் குறி, நழுவும், உங்கள் விமானத்திலும் பனி பிடிக்கும்.

உங்கள் மேல் ஏவுகணை வந்தால் நேராக ஓடக் கூடாது. அது நெருங்கும்வரை காத்திருந்து சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்புங்கள்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய் சு-30எம்கேஐ படைப்பிரிவு தொடங்கினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த சு-30எஸ்எம் இந்த விளையாட்டில் இருக்கிறது. மிஷன்களில் கிடைக்கும் புள்ளிகளைச் சேர்த்து வாங்க வேண்டும். கொஞ்சம் தூரம்தான், எட்டிவிடலாம்.

அதுவரை எஃப்-16-ஐ வைத்து ‘ஈஸி’ நிலையில் ஆடுங்கள். பேரனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.