பைக்கை இரவல் கொடுத்தவருக்கும் அதே தண்டனையா?

கேள்வி: என் தம்பி தன் பைக்கை நண்பனுக்கு இரவல் கொடுத்திருந்தான். அந்த நண்பன் இப்போது உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைதாகியிருக்கிறான். தம்பியையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கும் அதே தண்டனைதானா?

பதில்: பைக் கொடுத்ததற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. உபா சட்டத்தின் 18-வது பிரிவு, பயங்கரவாதச் செயலுக்குத் தெரிந்தே துணைபோனவரைத்தான் தண்டிக்கிறது. 5 ஆண்டு முதல் ஆயுள் வரை போகலாம். ஆகவே வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கும்: பைக் எதற்குப் போகிறது என்று உங்கள் தம்பிக்குத் தெரியுமா?

ராஜீவ் காந்தி கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். புலிகளோடு பழகியதோ, கொலைக்குப் பிறகு அடைக்கலம் கொடுத்ததோ சதியில் சேர்ந்ததாகாது என்றார்கள் நீதிபதிகள். 4 பேருக்குத் தூக்கும் 3 பேருக்கு ஆயுளும் நின்றன.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் குண்டில் பயன்பட்டன என்பது வழக்கு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், பல ஆண்டுகள் கழித்து ஓர் உண்மையைச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை, தான் எழுதாமல் விட்டுவிட்டாராம். ஒரே ஒரு வாக்கியம்! 2014-இல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18 அன்றுதான் அவர் விடுதலையானார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தடாவில் எஸ்.பி. பதிவுசெய்த வாக்குமூலமே சாட்சியமானது. உபாவில் அப்படி இல்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது செல்லும். அதனால் வக்கீலைக் கலக்காமல் தம்பி அங்கே எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கைதானால் ஜாமீன் கடினம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே நீதிமன்றம் மறுத்துவிடும். குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை அவகாசம் உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் நீதிமன்ற விசாரணையில்தான் வரும். அதுவரை உள்ளேயே இருக்க நேரலாம்.

எனவே இன்றே செய்ய வேண்டியவை உண்டு. பைக் கேட்டு நண்பன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், திருப்பிக் கேட்டுத் தம்பி அனுப்பியவை, எதையும் அழிக்காதீர்கள். பயந்துபோய் அழித்தால் அதுவே அவனுக்கு எதிராகத் திரும்பும். கைது செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உபா வழக்கிலும் அது கட்டாயம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். விசாரணைத் தேதிக்கு முன்பே போய்விடுங்கள்.