தாயா, மாற்றாந்தாயா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் கிறிஸ்துமஸை ஒட்டி 'ஹான்சலும் கிரேட்டலும்' இசை நாடகத்தைச் சுருக்கி நடித்தார்கள். பேத்தியின் கதைப் புத்தகத்தில் குழந்தைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் மாற்றாந்தாய். மேடையிலோ பெற்ற தாய், அதுவும் பழம் பறித்துவரத்தான் அனுப்புகிறாள். எது சரி? அடுத்த முறை மாற்றாந்தாய் என்றே மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டும் சரிதான். இந்த ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையை, அத்தகைய கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதன்முதலாக அச்சிட்டபோது, பிள்ளைகளைக் கைவிடச் சொன்னவள் பெற்ற தாயே. 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவளைக் காப்பாற்றப் பழியை மாற்றாந்தாய் தலையில் சுமத்துவது நம் கதைகளுக்கும் புதிதல்லவே!

மேடை வடிவமோ ஒரு வீட்டுக்குள் பிறந்தது. அடெல்ஹைட் வெட்டே என்ற பெண்மணி, தம் பிள்ளைகள் நடிப்பதற்காக இக்கதையைச் சிறு நாடகமாக்கி, அதன் பாட்டுகளுக்கு மெட்டமைத்துத் தரும்படி 1890-இல் தம் அண்ணனான இசையமைப்பாளர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கைக் கேட்டார்; அது வளர்ந்து முழு இசை நாடகமாகி, 1893 டிசம்பர் 23 அன்று ஜெர்மனியின் வைமார் நகரில், இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசைக்குழுவை நடத்த, அரங்கேறியது. தம் பிள்ளைகளே நடிக்கப்போகும் நாடகத்தில், குழந்தைகளைக் கொல்லத் துணியும் தாயை எந்தத் தாய் எழுதுவார்?

ஆகவே அவர் கொடுமையை எடுத்துவிட்டார். பசியை மட்டும் எடுக்கவில்லை. வேலையை விட்டு ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அடிக்கப் பாய்கிற தாய், அன்றிரவுக்கென இருந்த ஒரே பால் குடத்தைத் தானே தட்டி உடைத்துவிடுகிறாள். அந்த ஆத்திரத்தில்தான் ஸ்ட்ராபெரி பறித்துவரக் கூடையைக் கொடுத்துத் துரத்துகிறாள். (காட்டு ஸ்ட்ராபெரி உங்களுக்கு அந்நியமல்ல, நீலகிரியின் பெயரையே தாவரவியல் பெயரில் தாங்கிய ஓர் இனமும் உண்டு.) பறித்த பழத்தையெல்லாம் விளையாட்டாகத் தின்று தீர்த்த பிறகு இருட்டும் மூடுபனியும் சூழ்ந்து வழி தவறுவது, உங்கள் மலையில் வளரும் பிள்ளைகளுக்கு விளக்காமலே புரிந்திருக்கும். மூலக் கதையைவிட இந்த மாற்றமே எனக்கு ஆழமாகப் படுகிறது: இங்கே காட்டுக்கு அனுப்புவது வஞ்சகம் அல்ல, வறுமை.

மாற்றாந்தாய் என்று மாற்றினால் பெயரோடு மட்டும் நிற்காது. பிள்ளைகள் போனபின் அவள் தனியாக அமர்ந்து, அவர்களுக்கு ஊட்ட ஏதாவது கொடு என்று கடவுளை வேண்டிக் களைத்து உறங்குகிறாள். துடைப்பம் விற்ற காசில் உணவோடு வந்த கணவன், காட்டில் பிள்ளைகளைப் பிடித்துத் தின்னும் சூனியக்காரியைப் பற்றிச் சொன்னதும், பதறி அவனோடு காட்டுக்கு ஓடுகிறாள். கிரிம் கதையில் பிள்ளைகள் திரும்புமுன் அவள் இறந்துபோகிறாள். நாடகத்திலோ கடைசிக் காட்சியில் அவர்களை அணைத்துக்கொள்கிறாள். மாற்றாந்தாய்தான் வேண்டுமென்றால் இத்தனையையும் வெட்ட வேண்டியிருக்கும்.