எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு வாய் ஜாஸ்தியாம்

வணக்கம் மேடம்,

எனக்கு 32 வயசு. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், வாக்கப்பட்டது கோயம்புத்தூர்ல, ஆறு வருஷம் ஆச்சு, நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. ஐடி கம்பெனில வேலை பாக்குறேன். லவ் மேரேஜ்தான், ஆனா ரெண்டு வீட்டுலயும் சம்மதிச்சு நடந்தது.

என் பிரச்சனை பெருசா சின்னதான்னு எனக்கே தெரியல. யாரும் அடிக்கல, திட்டல. ஆனா நான் எது பேசினாலும் "தெக்கத்திப் பொண்ணுங்களுக்கு வாய் ஜாஸ்திங்க"ன்னு ஒரு வார்த்தை வந்து விழுந்துரும். கல்யாணமான புதுசுல "மாமா வந்தாவ, சாப்பிட்டாவ"ன்னு நான் பேசினா சிரிப்பாங்க, நானும் கூட சேர்ந்து சிரிப்பேன். இங்க சின்னப் புள்ளைங்களைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுறாங்க, நான் அவசரத்துல ஒரு 'ங்க' விட்டுட்டா எடுத்தெறிஞ்சு பேசுறேன்னு ஆயிரும். சரி போகட்டும்னு அதையும் கத்துக்கிட்டேன்.

போன வருஷம்தான் மனசு விட்டுப்போச்சு. என் சம்பளம் முழுசும் அவர் அக்கவுண்டுக்குத்தான் போகுது, வீட்டு லோன் அது இதுன்னு. ஒரு நாள் சாப்பிடுறப்ப, பாதி என் அக்கவுண்ட்லயே இருக்கட்டுமேன்னு சொன்னேன், சத்தியமா சத்தம் போடல. அத்தை உடனே "அருவா ஊர்ல்ல, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான்"ன்னாங்க, இவர் சிரிச்சாரு, பேச்சு அதோட போச்சு. அதே மாசம் என் நாத்தனார் அவ மாமியார்கிட்ட நகைக்காக சண்டை போட்டுட்டு இங்க வந்து நின்னா, அதுக்கு அத்தை "என்ற புள்ள வெவரமானவ"ன்னு பெருமையா சொல்றாங்க!

அத்தை கெட்டவங்க இல்ல மேடம். மாடு வெச்சிருந்த காலத்துல பால் சொசைட்டி காசை மாமாவுக்குத் தெரியாம அரிசிப் பானைல ஒளிச்சு வெச்சுத்தான் இவருக்கு காலேஜ் பீஸ் கட்டினாங்களாம், அதைச் சொல்றப்பல்லாம் அழுதுருவாங்க. எங்க ஆச்சியும் பீடி சுத்தித்தான் நாலு புள்ளைங்கள வளத்தா. கடைல ஒரு கட்டு பீடியக் கழிச்சுப் போட்டாக்கூட நின்னு நியாயம் கேட்டுட்டுத்தான் வருவா. நீ ஆச்சிய உரிச்சு வெச்சிருக்கன்னு அம்மா சொல்லும், முன்னாடி அது கேக்க சந்தோஷமா இருந்துச்சு.

இப்ப பாப்பா அடம்பிடிச்சா "அம்மா ஊர் ரத்தம்"ங்குறாங்க. அதைவிட ஒண்ணு, தம்பிக்கு சென்னைல ஒரு பொண்ணு பாத்திருக்காங்க, அம்மாகிட்ட போன்ல நானே "மெட்ராஸ் பொண்ணுங்க நம்ம வீட்டுக்கு ஒத்து வரமாட்டாளுங்க"ன்னு சொல்லிட்டேன். போனை வெச்சப்புறம்தான் சுருக்குன்னுச்சு. ஊருதான் பொண்ணுங்க குணத்தை முடிவு பண்ணுதா? நான் மாறணுமா?

ஆலோசகர் பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டர்ல ஊரைப் பத்தின வரியெல்லாம் விட்டுட்டு ஒரு தடவை படிச்சுப் பாத்தேன். ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சுது, என் சம்பளத்துல பாதி என்கிட்ட இருக்கலாமா? ஒரு வருஷமா அதுக்கு யாரும் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. அருவா ஜோக் பண்ணின வேலை அதுதான்.

நாத்தனார் கதையை நீங்களே எழுதியிருக்கீங்க, அதைக் கவனிங்க. தாமஸ் பெட்டிக்ரூங்கற உளவியலாளர் 1979லயே இதைப் பத்தி எழுதினாரு. வேத்து ஆளு நமக்குப் பிடிக்காததைப் பண்ணினா அது அவங்க கூட்டத்தோட பிறவிக் குணம்போம், நம்ம ஆளு பண்ணினா அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்போம், இல்ல நல்ல பேரு வெச்சிருவோம். ஒரே வாய், உங்களுக்கு 'ஜாஸ்தி', அவங்களுக்கு 'வெவரம்'.

அப்ப ஊருக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லையான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். பேசுற தோரணை, மரியாதையை எந்த இடத்துல வைக்கிறதுங்கறது, எதைச் சபைல சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாதுங்கறது, இதெல்லாம் ஊர் கொடுக்குறதுதான். உங்க அத்தை காதுல 'ங்க' இல்லாத வாக்கியம் நிஜமாவே சுருக்குன்னு படும், அது நடிப்பு இல்ல. ஆனா "இந்த ஊர்க்காரங்க இப்படி"ன்னு நாம நம்புறது ஆளைக் கணிக்க உதவுமான்னா, உதவாது. 2005ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, 49 கலாச்சாரங்கள்ல மக்கள்கிட்ட உங்க நாட்டுக்காரங்க எப்படிப்பட்டவங்கன்னு கேட்டு, அதை அங்க இருக்கறவங்களோட நிஜ குணத்தோட சராசரியோட ஒப்பிட்டாங்க. ரெண்டும் பொருந்தல. இத்தனைக்கும் அவங்க தங்களைப் பத்தியே சொன்னது அது! நாட்டுக்கே அந்த கதின்னா ஜில்லாவுக்குக் கேக்கணுமா.

எனக்கு உங்க லெட்டர்ல ரொம்பப் பிடிச்சது உங்க ஆச்சிதான். பீடி சுத்துறவங்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. நாள் முழுக்க மடில தட்டை வெச்சுக்கிட்டு சுத்தினதை சரியில்லன்னு கழிச்சா அன்னைக்கு அந்த உழைப்பு போச்சு. அங்க வாயை மூடிக்கிட்டு நின்னா வீட்டுல உலை கொதிக்காது. அதனால உங்ககிட்ட வந்து சேந்தது தாமிரபரணித் தண்ணியோ ரத்தமோ இல்ல, சம்பாதிச்சவ கணக்குக் கேப்பாங்கற பழக்கம்னுதான் எனக்குத் தோணுது.

சரி, இப்ப உங்க அத்தைகிட்ட வாங்க. அரிசிப் பானைக்குள்ள இருந்தது என்ன? அவங்க உழைச்ச காசு அவங்க கைல இருக்கணும்ங்கற அதே ஆசைதான். உங்க ஆச்சி கடை வாசல்ல சத்தமா கேட்டாங்க, இவங்க மாமாவுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சாங்க. சொல்லப்போனா அந்த வீட்டுல உங்க கேள்வி நல்லாப் புரியக்கூடிய ஒரே ஆளு அவங்கதான், ஒருவேளை அதனாலதான் அவங்களுக்கு அவ்வளவு கோவம் வருதோ என்னவோ, நேர்ல பாக்காம அதைச் சொல்ல முடியாது.

பணப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்துல எடுக்காதீங்க. முதல்ல வீட்டுக்காரர்கிட்ட தனியா, லோன் எவ்வளவு செலவு எவ்வளவுன்னு பேப்பர்ல எழுதி வெச்சுப் பேசுங்க. அவர் "உங்க ஊரு"ன்னு ஆரம்பிச்சா சிரிக்காதீங்க, ஊரை அப்புறம் பேசலாம் முதல்ல இந்தத் தொகைக்குப் பதில் சொல்லுங்கன்னு நில்லுங்க. அத்தைகிட்ட வேற மாதிரி. ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்திருக்கப்ப, "ஏனுங்க அத்தை, அப்ப அந்தக் காசை மாமாகிட்ட சொல்லாம வெச்சீங்களே, எதுக்குங்க?"ன்னு கேளுங்க. குத்திக் காட்டுற மாதிரி வேண்டாம், கதை கேக்குற மாதிரி கேளுங்க. நடுவுல உங்க சம்பளத்தை இழுக்காதீங்க, அன்னைக்கு அவங்க பேசட்டும்.

நான் மாறணுமான்னு கேட்டீங்கல்ல, 'ங்க' சேத்துக்கறது மாறுறது இல்ல, ரெண்டு பாஷை தெரிஞ்ச மாதிரி அது. கேள்வியையே விட்டுட்டீங்கன்னாதான் மாறினதா அர்த்தம். பாப்பா விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பா இருங்க, ரத்தம் பேச்சு வந்தா "அவளுக்குத் தூக்கம் வருதுங்க அத்தை"ன்னு நிஜக் காரணத்தைச் சொல்லிப் பழகுங்க.

அப்புறம் தம்பிக்குப் பாத்த பொண்ணு. என்ன படிச்சிருக்கு, என்ன வேலை பாக்குது, தம்பிகிட்ட என்ன பேசுச்சு, ஒண்ணுமே நீங்க எழுதல, மெட்ராஸ்னு மட்டும்தான் இருக்கு. அம்மாவுக்கு இன்னொரு போன் போட்டு அதையெல்லாம் கேட்டு வாங்குங்க.