கையால் அறுத்த கல்லா, வயர் கட் கல்லா?

கேள்வி: திருவையாறு பக்கம் வீடு கட்டுகிறோம். நாட்டுச் செங்கல், வயர் கட் செங்கல் இரண்டுக்கும் ஒரே மண்தான் என்கிறார்கள். பிறகு ஏன் தரத்தில் வித்தியாசம்?

பதில்: மண் ஒன்றுதான் அம்மா, அதில் சேரும் தண்ணீர் ஒன்றல்ல. கையால் அறுக்கும் மண் நன்றாகக் குழைந்திருந்தால்தான் அச்சின் மூலை வரை இறங்கும். காயும்போது அந்தத் தண்ணீர் போன இடமெல்லாம் நுண்துளை. சூளையில் வெந்த பிறகும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். வயர் கட் முறையில் கெட்டியான மண்ணைத் திருகு இயந்திரம் அழுத்தித் தள்ள, கம்பி துண்டு போடுகிறது. கல் நெருக்கமாக, வலுவாக வரும். தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும்.

ஆனால் ஒரு விஷயம். திருகு சுற்றிய தடம் மண்ணுக்குள் அடுக்கடுக்காக நின்றுவிட்டால், கல் அந்த அடுக்கிலேயே பிளக்கும். அதனால் நான் சைட்டில் ஒரு வயர் கட் கல்லையாவது உடைத்துப் பார்க்காமல் லோடு இறக்க விடமாட்டேன். முகம் வழவழப்பாக இருந்தால் பூச்சும் சரியாகப் பிடிக்காது. கோடு போட்ட கல்லாகக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும், நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மறுபடி எடை போடுங்கள். செங்கலுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1077-படி சாதாரணக் கல்லுக்கு 20 சதவீதம்தான் எல்லை. 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம், நாட்டுக் கல்லின் ஒரு முகத்தில் உள்ள பள்ளம் மேல்நோக்கி இருக்கும்படி வைக்கக் கொத்தனாரிடம் சொல்லுங்கள்.