சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாத பழைய இன்ஜெக்‌ஷன் கார்: பெட்ரோல் பம்பை மாற்றலாமா?

காலையில் ஒரே தட்டில் கிளம்புகிறது, ஓட்டிவிட்டு நிறுத்தி 20 நிமிடம் கழித்து வந்தால் கிளம்ப மறுக்கிறது, மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றினேன். பம்பு, ஃபில்டர், நான்கு பிளக், கடைசியில் பேட்டரி வரை.

என்னுடையது 1998 மாடல். யார் வீட்டுக்காவது போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போச்சு. வழியனுப்ப வாசலுக்கு வந்த மச்சான் கையசைத்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி கையசைப்பார். நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். ஒரு மணி நேரம் விட்டால் தானே கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது ஆறிப்போயிருக்கும், "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்.

இது சூடு ஏறும்போது மட்டும் வருகிற கோளாறு. இன்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் சுற்றுவது நின்றுவிடும், ஆனால் இன்ஜினில் இருக்கும் சூடு போக வழியில்லாமல் பானட்டுக்குள்ளேயே ஏறும். அதனால் 5 நிமிடத்தில் எடுத்தால் கிளம்பும், 20 நிமிடத்தில் கிளம்பாது. சோதிப்பதானால் அந்த 20-ஆவது நிமிடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். முக்கி முக்கிச் சுற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது பேட்டரி கேபிள். பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். நன்றாகச் சுற்றியும் ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாவிட்டால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். சூட்டில் செத்து ஆறியதும் உயிர் பெறுவது அதன் குணம். ஈரத்துணியைச் சென்சார் மேல் போட்டுக் குளிரவைத்ததும் கிளம்பினால் ஆள் அதுதான். இரண்டும் இல்லையென்றால், செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை திருப்பி, இரண்டு நொடி விட்டு அணைத்து, இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால் பெட்ரோல் லைனில் பிரஷர் நிற்கவில்லை, பெட்ரோல் ஆவியாகிறது. அப்போது பம்புக்குள் இருக்கும் வால்வு காரணமாக இருக்கலாம், உங்கள் மெக்கானிக் சொல்வதும் சரியாகலாம். ஆனால் பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவதும்கூட இதையே செய்யும். ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் உள்சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல், ஆகவே நிதானம்.

என் வண்டி இதில் எதிலும் சிக்கவில்லை. ஒருநாள் எரிச்சலில் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடித்தேன். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பல கார்களில் அப்படி மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அதாவது என் வண்டிக்குப் பெட்ரோல் பற்றாக்குறை இல்லை, மூழ்கிக்கொண்டிருந்தது! பிளக்கைக் கழற்றினால் கரியும் ஈரமும்.

ஒரு நண்பர் அதற்கு முன்பே "டெம்பரேச்சர் சென்சாரைப் பார்" என்று சொல்லியிருந்தார். டேஷ்போர்டு முள் ஒழுங்காக நடுவில் நிற்கிறதே, சென்சார் எப்படிப் போகும் என்று நான் சண்டை போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு ஒன்று. கம்ப்யூட்டருடையதை மல்டிமீட்டரில் பார்த்தேன். ஆறியிருக்கும்போது 2,500 ஓம் அளவு, அது சரி. கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது 300 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். 2,000-க்குக் கீழே வரவே இல்லை. கொதிக்கிற இன்ஜினைக் குளிர்ந்தது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. மைலேஜ் குறைந்ததையும் இத்தனை நாள் டயர் மேல் பழி போட்டிருந்தேன்.

"ஸ்கேனர் போட்டால் ஒரு நிமிட வேலை" என்று யாராவது கீழே எழுதுவார்கள், எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறைப் படிக்கும் கருவி அது. போட்டேன், ஒரு கோளாறு எண்கூட (code) வரவில்லை. 25, 30 டிகிரி என்பது நடக்கக்கூடிய வெப்பநிலைதானே, பழைய கம்ப்யூட்டர் அதைத் தப்பென்று எப்படிச் சொல்லும்? சென்சார் முழுதாக அறுந்திருந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கும். நான் மெக்கானிக் இல்லை, உங்கள் வண்டியில் ஓம் கணக்கு கொஞ்சம் வேறாக இருக்கலாம், அதற்கும் சண்டைக்கு வராதீர்கள்.

    

கட்டைவிரல் அளவு சென்சார், மாற்றக் கால் மணி நேரம். அன்று மாலையே வேண்டுமென்றே மச்சான் வீட்டுக்குப் போனேன். கழற்றிய பம்பு இன்னும் டிக்கியில் கிடக்கிறது. நல்ல பம்பு.